விடைபெறும் ஆசானின் விருப்பம்

பலனில் பற்று வையாமல் கடமையைச் செய்க என்பது கீதை நமக்கு அளித்த உபதேசம். உழவனுக்கும் வணிகனுக்கும் போர்வீரனுக்கும் இதன் பொருள் ஒருவாறு விளங்கிவிடுகிறது. விதைப்பவன் மழையைக் கட்டுப்படுத்த முடியாது, வில்லெடுத்தவன் வெற்றிக்கு உத்தரவாதம் பெற்றவன் அல்லன் என்ற அநுபவமே அவர்களுக்குப் பாதி உபதேசத்தைச் செய்துவிடுகிறது. ஆனால் ஆசிரியன் என்று ஒருவன் இருக்கிறானே, அவனுடைய தொழிலுக்கு இதை எங்ஙனம் பொருத்துவது என்று எண்ணிப் பார்த்தால் எளிதில் விடை கிடைப்பதில்லை. மாணவன் உயர வேண்டும் என்ற விருப்பம் இல்லாதவன் ஆசிரியனாக இருத்தல் இயலாது. அந்த விருப்பமோ பலனை நோக்கியதே. விருப்பத்தை விட்டால் ஆசிரியத் தன்மை போய்விடுகிறது. வைத்துக்கொண்டால் பற்றற்ற நிலை போய்விடுகிறது. அவன் தன் பணியின் நடுவே நிற்கும் காலத்தில் இந்தச் சங்கடம் மறைந்து கிடக்கும். விடைபெறும் வேளை வந்து, தான் விரும்பிய பலனைத் தான் இருந்து அநுபவிக்கப் போவதில்லை என்பது உறுதியாகும்போதுதான் அது முழு உருவத்தோடு எதிரே வந்து நிற்கிறது. போகிறவன் எதற்காக இன்னும் விரும்புகிறான்? அந்த விருப்பம் அவனைப் பந்தப்படுத்துமா, விடுவிக்குமா?

காஞ்சி மாநகருக்கு இந்தக் கேள்வி புதியதன்று. வைணவ குருபரம்பரை வரலாறு கூறும் நிகழ்ச்சி ஒன்று, விஷ்ணு காஞ்சியில் வரதராஜப் பெருமாள் திருக்கோயிலிலே தொடங்குகிறது. நாதமுனிகளின் பேரரும், திருவரங்கத்தில் வைணவ தரிசனத்துக்குத் தலைவராக விளங்கியவருமான ஆளவந்தார், தம் முதிர்ந்த பிராயத்தில் பேரருளாளனைச் சேவிக்கக் காஞ்சிக்கு எழுந்தருளினார். அக்காலத்தில் இளைஞராகிய இராமாநுசர் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றுகொண்டிருந்தார். கரியமாணிக்கப் பெருமாள் சந்நிதியின் அருகே நின்றபடி, மாணவர் குழாத்தின் நடுவே சென்ற அந்த இளைஞரை ஆளவந்தார் கண்ணாரக் கண்டார்; தமக்குப் பின் தரிசனத்தைத் தாங்கத் தக்கவர் இவரே என்று அவருடைய உள்ளம் துணிந்தது. ஆயினும் அவர் இராமாநுசரை அழைத்துப் பேசினாரில்லை. வேறோர் ஆசிரியரிடம் பாடங் கேட்கும் மாணவனை வழியில் மறித்துத் தன்பால் இழுப்பதை விடுத்து, வரதனிடம் தம் விருப்பத்தை விண்ணப்பித்துவிட்டுத் திருவரங்கத்துக்குத் திரும்பினார். காலம் கனிந்து, அவருடைய சீடர் பெரிய நம்பி காஞ்சிக்கு வந்து இராமாநுசரை அழைத்துச் சென்றபோதோ, ஆளவந்தார் பரமபதம் அடைந்துவிட்டிருந்தார். இறுதிக் கிரியைக்காக எழுந்தருளப்பண்ணியிருந்த அவருடைய திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன என்றும், இராமாநுசர் ஒவ்வொன்றாக மூன்று பிரதிக்ஞைகள் செய்ய, ஒவ்வொரு விரலாக நிமிர்ந்தது என்றும் வரலாறு கூறுகிறது.

இந்த வரலாற்றைப் பக்தியோடு கேட்பவர்களும் ஒரு கணம் நின்று ஆராய வேண்டிய இடம் ஒன்று இதில் இருக்கிறது. ஆளவந்தார் சாமானியர் அல்லர். இளமையில் அரச வாழ்வின் சுகங்களை அறிந்து, அவற்றைத் துறந்து வந்த ஞானி. அத்தகைய ஒருவர் நிறைவேறாத மூன்று விருப்பங்களோடு உலகை நீத்தார் என்று சொல்ல அவருடைய சம்பிரதாயம் நாணவில்லை. மரணமும் அழிக்க மாட்டாத அளவுக்கு உறுதியான விருப்பங்கள் அவை என்பதை, மடங்கிய விரல்களைக் காட்டியே அது நமக்கு உணர்த்துகிறது. ஆசை அறவே ஒழிந்த நிலையே முக்தியின் வாயில் என்று கற்றிருக்கும் நாம், இந்த விரல்களை என்னவென்று கொள்வது?

விடை தேடுவதற்கு, காலத்தாலும் சமயத்தாலும் களத்தாலும் வேறுபட்ட மற்றோர் ஆசானின் வரலாறு எனக்குப் பெரிதும் துணை செய்திருக்கிறது. அவர் வேதாந்தி அல்லர், கால்பந்து பயிற்றியவர். விளையாட்டு மைதானத்தை ஆத்ம விசாரத்துக்குள் கொண்டுவருவது தகுமா என்று ஐயுறுவோர்க்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு மனிதன் தன் மூச்சை எந்த வேலையில் செலவிட்டானோ, அந்த வேலையிலேதான் அவனுடைய தர்மம் பரீட்சிக்கப்படுகிறது.

ஹைதராபாதில் 1909-ஆம் ஆண்டு பிறந்த சையது அப்துல் ரஹீம், பள்ளிக்கூடத்து ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1950 முதல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்கும், ஏறத்தாழ அதே காலம் தொட்டு இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளராக இருந்தார். அவர் பயிற்றிய போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக ரோவர்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது. 1951-இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், சைலேன் மன்னாவின் தலைமையில் ஆடிய இந்தியா, ஈரானை வென்று தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கியில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய அதே இந்தியா, யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. அந்த அவமானத்தை ரஹீம் ஒரு பாடமாக ஏற்றார். நான்கே ஆண்டுகளில், 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில், நெவில் டிசூசா ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் போட, ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்தி நான்காம் இடத்தைப் பிடித்தது அவருடைய அணி.

அவருடைய போதனா முறையில் நம் விசாரத்துக்கு உதவும் அம்சம் ஒன்று உண்டு. வலக்கால் பழகியவர்கள் இடக்காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்றும், பந்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு ஓடாமல் உடனே மற்றவனுக்கு அளித்துவிட வேண்டும் என்றும் விதி வகுத்து, இளைஞர்களுக்கென்றே அவர் தனிப் பந்தயங்கள் நடத்தினார். பலமுள்ள காலையே நம்பி நிற்கும் பழக்கத்தையும், பந்து என்னுடையது என்னும் மமகாரத்தையும் ஒருசேரக் களைவதற்கு இதைக் காட்டிலும் சிறந்த சாதனை முறையை நான் அறியேன்.

இனி, அவருடைய இறுதிப் பருவத்துக்கு வருவோம். 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அணியை அழைத்துச் சென்றபோது ரஹீம் புற்றுநோயால் பீடிக்கப்பட்டிருந்தார். முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென்கொரியாவிடம் இரண்டு கோல்களுக்குத் தோற்றது. அடுத்து தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றது. ஆனால் தற்காப்பின் தூணாக நின்ற ஜர்னெயில் சிங் தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போடும்படி ஆயிற்று. ரஹீம் அவரைப் பின்களத்திலிருந்து எடுத்து முன்களத்தில் நிறுத்தினார். தென்வியட்நாமோடு நடந்த அரையிறுதியில் அவர் ஒரு கோல் போட, இந்தியா மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. மைதானத்துக்கு வெளியிலும் நிலைமை சரியில்லை. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு வரவொட்டாமல் இந்தோனேசியா தடுத்ததை இந்தியப் பிரதிநிதி ஜி. டி. சோந்தி ஆட்சேபித்தமையால், அந்நகர மக்களின் கோபம் முழுவதும் இந்தியரின் மேல் திரும்பியிருந்தது. இந்தியத் தூதரகமே தாக்குதலுக்கு உள்ளாயிற்று.

செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதி ஆட்டம்; எதிரே மீண்டும் அதே தென்கொரியா. செனாயன் அரங்கில் திரண்டிருந்த பெருங்கூட்டம் இந்திய தேசிய கீதத்தையே கூச்சலில் மூழ்கடித்தது. கோல் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். நீலகிரி வெலிங்டனில் இருந்த மதராஸ் படைப்பிரிவு மையத்தின் அணியில் ஆடி, 1955-இலும் 1958-இலும் டூராண்டு கோப்பையை வென்றவர். காய்ச்சலிலிருந்து எழுந்துவந்த அவர் மீது ரஹீம் நம்பிக்கை வைத்தார். தமிழ்ப் பெற்றோருக்குச் செகந்திராபாத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமும், தலைவர் சுனி கோஸ்வாமியும், பி. கே. பானர்ஜியும் முன்னணியில் நின்றனர். பதினேழாம் நிமிஷத்தில் பானர்ஜியும், இருபதாம் நிமிஷத்தில் தலைக்கட்டோடு ஓடிய ஜர்னெயில் சிங்கும் கோல் போட்டனர். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒன்றைத் திருப்பியது. அதற்கு மேல் முடியவில்லை. தங்கம் இந்தியாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி ரஹீம் காலமானார்.

இறுதி ஆட்டத்துக்கு முன்பு தம் மாணவர்களிடம் அவர் ஒன்றே ஒன்றைக் கேட்டார் என்று அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தமக்கு ஒரு பரிசு தர வேண்டும் என்றும், அது அந்தத் தங்கமாக இருக்க வேண்டும் என்றும் கேட்டாராம். ஆளவந்தாரின் மடங்கிய விரல்களையும் ரஹீமின் இந்த யாசகத்தையும் நான் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இருவரும் விடைபெறுகிறவர்கள், இருவரும் விரும்புகிறார்கள், விரும்பியதை இருவருமே தம் கையால் செய்து முடிக்க இயலாது.

செய்து முடிக்க இயலாமை என்பதில்தான் இந்த விசாரத்தின் திறவுகோல் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு செயலில் செய்பவன் ஒருவன், அநுபவிப்பவன் ஒருவன் என்று சாஸ்திரம் பிரித்துப் பேசும். கர்த்தாவும் நானே, போக்தாவும் நானே என்று இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொள்வதே பந்தம். சாதாரண மனிதனுடைய ஆசை எப்போதும் இந்த முடிச்சைத் தேடி ஓடுகிறது. பயிற்சியாளனுடைய நிலைமையிலோ, தொழிலின் அமைப்பே இந்த முடிச்சை அவிழ்த்துவைத்திருக்கிறது. ஆட்டம் தொடங்கிவிட்டால், சுண்ணாம்பால் போட்ட எல்லைக்கோட்டை அவன் தாண்டக் கூடாது. பந்து அவன் காலடிக்கே உருண்டு வந்தாலும் அதைக் கோலுக்குள் செலுத்தும் உரிமை அவனுக்கு இல்லை. கர்த்தாவாக ஆடுகிறவன் வேறொருவன். பதக்கத்தைக் கழுத்தில் அணிகிறவனும் அவனே. ஆசானிடம் எஞ்சி நிற்பது விருப்பம் ஒன்றுதான். அவ்விருப்பத்துக்குப் பற்றிக்கொள்ளக் கையும் இல்லை, சுவைத்து மகிழ நாவும் இல்லை.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். பதக்கம் மாணவனுக்கு என்றாலும் புகழ் ஆசானுக்கு அல்லவா? தன் பெயர் நிலைக்க வேண்டும் என்ற வேட்கை, செல்வத்தை விரும்பும் வேட்கையைக் காட்டிலும் நுண்ணியது. துறவிகளையும் அது விட்டதில்லை. போகிறவன் கேட்கும் கடைசிப் பரிசு, தன் பெயருக்கு அவன் எழுப்பிக்கொள்ளும் நினைவு மண்டபமாக இருக்கலாகாதா? இருக்கலாம். அத்தகைய ஆசான்களும் உண்டு. ஆனால் இரண்டையும் பிரித்தறிய ஓர் உரைகல் இருக்கிறது. புகழை விரும்பும் ஆசான், தான் இல்லாவிட்டால் மாணவன் தடுமாறும்படியாகவே அவனை வளர்க்கிறான். ஏனென்றால் அந்தத் தடுமாற்றம் அவனுடைய பெருமைக்குச் சாட்சி. மாணவனை விரும்பும் ஆசானோ, தன் துணையின்றி அவன் நிற்கும் நாளுக்காகவே ஒவ்வொரு பாடத்தையும் அமைக்கிறான். பலவீனமான காலைப் பழக்கிய ரஹீமும், முறையல்லாத வழியில் மாணவனைக் கவர மறுத்த ஆளவந்தாரும் இந்த உரைகல்லில் தேறியவர்கள்.

காஞ்சியில் பிறந்து நாளந்தாவின் தலைமையை ஏற்ற பௌத்தப் பேராசான் தர்மபாலரும் இதில் தேறியவரே. அவரை வாதுக்கு அழைத்துத் தென்னாட்டுப் பண்டிதர் ஒருவர் வந்தபோது, மாணவராகிய சீலபத்திரர் தாமே சென்று வாதிட விடை கேட்டார். அவருடைய இளமையைக் கண்டு மற்றவர்கள் அஞ்சினார்கள், தர்மபாலர் அஞ்சவில்லை. தம் பெயரால் வந்த அறைகூவலை மாணவனிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஒதுங்கி நிற்க, சீலபத்திரர் வென்றார். அந்தச் சீலபத்திரரிடமே பிற்காலத்தில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் பாடங் கேட்டு, இவ்வரலாற்றையும் எழுதிவைத்தார். தன் பெருமை பணயமாக வைக்கப்பட்ட இடத்திலேயே மாணவனை முன்னிறுத்தத் துணிபவனுக்குப் புகழ் ஒரு பொருட்டாக இருந்திருக்க முடியாது.

ரஹீம் பிறந்த மார்க்கமும் இவ்விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. மனிதனிடம் உள்ள ஆற்றலும் அறிவும் செல்வமும் அவனுடைய உடைமைகள் அல்ல, இறைவன் ஒப்படைத்த அமானிதங்கள் என்றும், ஒப்படைத்தவன் கேட்கும்போது குறைவின்றித் திருப்பித் தர வேண்டியவை என்றும் இஸ்லாமியப் பெரியோர் போதிப்பர். ஒருவன் இறந்தபின் அவனுடைய செயல்கள் யாவும் அறுந்துபோக, நிலைத்துப் பயன் தரும் தருமமும், பிறர்க்குப் பயன்படும் கல்வியும், அவனுக்காகப் பிரார்த்திக்கும் நல்ல பிள்ளையும் ஆகிய மூன்று மட்டும் தொடர்கின்றன என்பது நபிகள் நாயகத்தின் போதனையாக வழங்குகிறது. கற்பித்த கல்வி தொடர வேண்டும் என்று விரும்புவது இந்த நெறியில் ஆசையின் பாற்பட்டதன்று. அமானிதத்தைச் சேர வேண்டிய கையில் சேர்க்கும் கடமையின் பாற்பட்டது. வைணவம் விரல்களால் உணர்த்தியதையே இஸ்லாம் வேறு வாசல் வழியாக வந்து உணர்த்துகிறது. விருப்பத்தில் குற்றமில்லை, அதை எனதென்று பிடித்துக்கொள்வதில்தான் குற்றம். போகிறவனுடைய விருப்பம், பிடித்துக்கொள்ளும் ஆற்றலையே இழந்துவிட்டபடியால், விருப்பங்களிலெல்லாம் தூயதாகிறது.

இதுவரை சொன்னது ஆசானுடைய பக்கம். ஆனால் இந்த விசாரத்தின் கடினமான பாதி இனிமேல்தான் இருக்கிறது. அது போனவனைப் பற்றியதன்று, இருப்பவர்களைப் பற்றியது. ஜகார்த்தாவுக்குப் பிறகு நடந்ததை நேராகப் பார்ப்போம். 1964-இல் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1970-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில், ரஹீமின் மாணவரான பானர்ஜியும் பயிற்சிப் பொறுப்பில் நிற்க, வெண்கலம் கிடைத்தது. அவ்வளவுதான். அதன்பின் ஆசிய விளையாட்டில் நம் ஆடவர் அணி கால்பந்துப் பதக்கம் எதையும் காணவில்லை. ஒலிம்பிக் களத்திலோ 1960-ஆம் ஆண்டு ரோமுக்குப் பிறகு அடியெடுத்தே வைக்கவில்லை. ஆசானின் விருப்பம் அத்தனை தூயதாக இருந்தும், மாணவர்கள் அத்தனை ஆற்றலுடையவர்களாக இருந்தும், அந்த ஓட்டம் ஏன் வற்றியது?

ஆளவந்தாரின் விரல்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தால் இதற்கு விளக்கம் கிடைக்கும். இராமாநுசர் செய்த பிரதிக்ஞைகள் அந்த இடத்திலேயே நிறைவேறிவிடவில்லை. அவற்றுக்கு ஓர் ஆயுளும் பல கைகளும் தேவைப்பட்டன. பிரம்ம சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யம் எழுந்தபோது ஏடெழுதியவர், காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வான். பராசர முனிவரின் பெயரை நிலைநாட்ட வேண்டும் என்ற விருப்பம், அந்தக் கூரத்தாழ்வானின் புதல்வருக்குப் பராசரர் என்று பெயரிட்டதில் நிறைவேறிற்று. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு உரை செய்தவரோ இராமாநுசர் அல்லர். அவருடைய ஆணையின்படி அவர் மாணவர் திருக்குருகைப் பிரான் பிள்ளான் செய்தார். விருப்பம் ஒரு தலைமுறையில் பிறந்து, மறு தலைமுறையில் சபதமாகி, அதற்கடுத்த தலைமுறையின் கையால் கிரந்தமாயிற்று. அதோடு நில்லாமல், தமக்குப் பின் தரிசனத்தை நடத்த எழுபத்து நான்கு சிம்மாசனாதிபதிகளை இராமாநுசர் நியமித்ததாகச் சம்பிரதாயம் கூறுகிறது. ஒருவர் போனால் ஒருவர் என்னும் நிலைக்கு அவர் விட்டுவைக்கவில்லை.

காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் ஒரு பாவு நெய்து தீரும் தறுவாயில் நெசவாளர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. பழைய பாவின் கடைசி இழைகளை அச்சிலிருந்தும் விழுதிலிருந்தும் உருவி எறிந்துவிட மாட்டார்கள். அவற்றை அப்படியே கோத்தபடி விட்டுவைத்து, புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு திரித்துப் பிணைப்பார்கள். பழைய இழை முன்னே செல்ல, அது போன வழியிலேயே புதிய இழை தறிக்குள் நுழையும். பிணைக்கப்படும் நேரத்தில் தறியில் துணி ஒரு சாணும் வளர்வதில்லை. கூலிக் கணக்கில் அது நெசவாகாது. ஆயினும் அந்தப் பொறுமை இல்லையென்றால், எவ்வளவு உயர்ந்த பட்டாயினும் அடுத்த சேலை இல்லை.

ரஹீமின் மறைவுக்குப் பின் நம் தேசத்தில் குறைந்துபோனது இந்தப் பிணைப்பு வேலைதான். வென்றவர்களைக் கொண்டாடினோம், வென்ற முறையைக் கற்றுவைக்கவில்லை. இளைஞர்களுக்கென அவர் நடத்திய பந்தயங்களை மாவட்டந்தோறும் பள்ளிதோறும் பரப்பி, அடுத்த பயிற்சியாளர்களை உருவாக்கும் வேலையில் எவரும் உடனடி வெற்றியைக் காண இயலாது. ஆகவே அது புறக்கணிக்கப்பட்டது. இந்தப் புறக்கணிப்பு மைதானத்தோடு முடிவதும் அன்று. வேத பாடசாலையிலும் இசை அரங்கிலும் கல்லூரிகளிலும், பெரியவர் ஒருவர் விடைபெறும்போது நாம் மாலை போடுகிறோம், படம் திறக்கிறோம், கண்ணீரும் விடுகிறோம். இவை பொய்யானவை என்று நான் சொல்ல மாட்டேன். திருநாராயணபுரத்தை விட்டு இராமாநுசர் திருவரங்கத்துக்குப் புறப்பட்டபோது, பிரிவாற்றாத அடியார்கள் அவருடைய திருவுருவத்தைச் சமைத்து வைத்துக்கொண்டார்கள். தமர் உகந்த திருமேனி என்று அது இன்றும் வழிபடப்படுகிறது. அன்பு உருவத்தைக் கேட்கத்தான் செய்யும். ஆனால் அவ்வடியார்கள் உருவத்தை வணங்கியதோடு அவர் வகுத்த கைங்கரியத்தையும் விடாமல் நடத்தினார்கள். உருவம் அங்கே உயிரோடு இருப்பதற்கு அதுவே காரணம். கைங்கரியம் நின்றுபோன இடத்தில் உருவம் வெறும் கல்லாகிவிடும்.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு என் முடிவை இப்படிச் சொல்வேன். விடைபெறும் ஆசானின் விருப்பம் அவனைப் பந்தப்படுத்துவதில்லை. அது நம்மைத்தான் பந்தப்படுத்துகிறது. அவன் பலனை விட்டுவிட்டான். விட்ட பலன் வெளியில் மிதந்துகொண்டிருப்பதன்று, பின்வருபவனுடைய கடனாக வந்து சேருகிறது. நிஷ்காம கர்மம் என்னும் தர்மம் தனி மனிதன் ஒருவனால் மட்டும் பூர்த்தியாவதன்று. தருகிறவன் பற்றின்றித் தந்தது பாதி, பெறுகிறவன் சிரத்தையோடு பெற்றுத் தானும் பற்றின்றி மேலே தருவது மறுபாதி. மூன்று விரல்கள் நிமிர்ந்ததற்குக் காரணம் இறந்தவருடைய தவம் மட்டுமன்று. எதிரே நின்ற இளைஞர், தாம் ஒரு நாளும் பாடங் கேட்டிராத ஆசானுடைய விருப்பத்தைத் தம் கடனாக ஏற்கத் துணிந்ததும் ஆகும். நம் பள்ளிகளிலும் அணிகளிலும் மடங்களிலும் தறிக்கூடங்களிலும் இன்று தலைமை ஏற்றிருப்பவர்கள், தாங்கள் பதவியில் இருக்கும் நாளிலேயே தமக்குப் பின் வருபவனைத் தேடி, அவனுக்குக் கற்பித்து, அவன் தவறுவதற்கும் இடம் கொடுத்து, தம் கண்ணெதிரே அவனை முன்னிறுத்த வேண்டும். இளையவர்கள், பெரியவர் போகட்டும் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று காத்திராமல், அவர் இருக்கும்போதே கேட்டுப் பெற வேண்டும். ஆசானுக்குச் செய்யும் அஞ்சலிகளில் இதைக் காட்டிலும் பெரியது ஒன்றில்லை. இதைச் செய்யாதவர்கள் வேறெதைச் செய்தாலும் அஞ்சலி செய்தவர்கள் ஆகமாட்டார்கள்.